இருபதில் ஒரு பங்கு

இன்பராசு வெடி வாங்கி வைத்திருந்தான். பாறைக்கு வைக்கிற வெடி அல்ல. அது கம்பெனிக் கிடங்கில் பூட்டுக்குள் கிடக்கும். இது சரவெடி. பொதுத்தேர்தல் முடிவு வருகிற அன்று சாமியாடிப்பாறை ஊரே அதிரவேண்டும் என்று புதுக்கோட்டைக்குப் போய்ப் பெட்டி பெட்டியாக வாங்கிவந்து, குவாரிச் சங்கக் கொட்டகையில் சாக்கைப் போட்டு மூடி வைத்திருந்தான். தினமும் மலையை உடைக்கிற ஜனத்துக்குக் கொண்டாடவும் வெடிதான் வேண்டியிருக்கிறது.

சாக்கை விலக்குகிற வேலையே வரவில்லை. பொழுது சாய்வதற்குள் தெரிந்துவிட்டது. டில்லியில் பழைய ஆட்களே திரும்ப வந்துவிட்டார்கள். தொகுதியிலும் சங்கம் நிறுத்திய ஆள் அறுபது எழுபது ஓட்டு வித்தியாசத்தில் தோற்றுப்போனார். கல் அரைக்கிற கிரஷருக்குத் தூசி அடக்கும் தண்ணீர்த் தெளிப்பான் கட்டாயம் ஆக்குவேன், ஆயுள் எடைச் சட்டத்தைத் தூக்குவேன் என்று இரண்டே வாக்குறுதி கொடுத்தவர்.

கோகிலாவின் டீக்கடையில் டிவியைப் பார்த்துக்கொண்டு குவாரி ஜனம் நின்றது. வேலை முடிந்து அப்படியே வந்தவர்கள். தலை, புருவம், காது மடல் எல்லாம் கல்மாவு படிந்து, கூட்டம் முழுக்க ஒரே நிறமாக இருந்தது.

“போச்சு. இனி அஞ்சு வருசத்துக்கு அந்தாளு மூஞ்சியத்தான் பாக்கணும்” என்றான் இன்பராசு. அவன் சங்கச் செயலாளர். பாறையில் வெடிக்குழி போடும் டிரில்லர் பிடிக்கிறவன்.

“சாக்க நல்லா இழுத்து மூடு மாப்ள. நமுத்துப்போயிரும்” என்றார் சேகர். லாரிக்குக் கல் ஏற்றுகிறவர், அறுபதைத் தாண்டியவர். நாலு பேர் சிரித்தார்கள்.

அப்போதுதான் எல்லாருடைய போனும் ஒரே நேரத்தில் அடித்தது.

அடைக்கலம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்ததால் போனைக் கோகிலாவிடம் நீட்டினான். “என்னத்தா போட்டிருக்கு?”

அவள் வாங்கிப் பார்த்தாள். “பெரிய எழுத்துலதாண்ணே இருக்கு. நீயே பாரு” என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பால் சட்டியைத் துழாவப் போய்விட்டாள்.

கையை நீட்டி எட்ட வைத்துப் பார்த்தான்.

‘தங்கள் வாக்கு எண்ணப்பட்டது. வாக்கின் எடை: 0.05. நாட்டின் எதிர்காலத்தில் பங்கேற்றமைக்கு நன்றி.’

“எடைன்னா என்னடா இன்பராசு? மூட்டையா தூக்குனோம்?” என்று சேகர் கேட்டார்.

“வாழப்போற காலத்துக்குத் தக்கன ஓட்டு, மாமா. பதினெட்டு வயசுப் புள்ள இன்னும் அறுபது வருசம் இருக்கும்னு அதுக்கு முழு ஓட்டு. முப்பது வருசம் பாக்கின்னா அர ஓட்டு. இருக்கப்போறவன்தான் நாட்டுக்கு ஆளு பாக்கணும், போறவனுக்கு எதுக்கு முழு ஓட்டுன்னு சட்டம் போட்டாகள்ல. மெட்ராசுல புள்ளைகள்லாம் கை தட்டுச்சுகளே.”

“பாக்கி எம்புட்டுன்னு அவனுக்கு எப்புடித் தெரியும்?”

“வயசு ஒண்ணு. வருசா வருசம் வண்டியில ஊதுறமே, அது ஒண்ணு. ரெண்டுல எது கொறச்சலோ அதான்.”

“அத முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன?”

“சொன்னா கொறஞ்சவன் ஓட்டுப் போட வருவானா? அதான் முடிவு வந்தப்பறம் சொல்றாக.”

சேகர் தன் போனைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பனியனுக்குள் போட்டுக்கொண்டார். “எனக்குக் கால் ஓட்டாம்” என்றார்.

“எனக்கு அர” என்றான் இன்பராசு. அவனும் போனைக் காட்டவில்லை.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அரை, அரைக்கும் மேலே, முக்கால். யாரும் யாருடைய போனையும் எட்டிப் பார்க்கவில்லை. மற்ற நாளில் அடுத்தவன் போனில் மூக்கை நுழைக்காமல் டீ இறங்காத கூட்டம் அது. அடைக்கலமும் “அர” என்றுதான் சொன்னான். சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தான். அறுபதில் இருபதில் ஒரு பங்கு என்றால் மூன்று வருஷம். அதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம்.

குவாரிக் குடியிருப்பில் கடைசி வீடு அவனுடையது. மனைவி இறந்துவிட்டாள், பிள்ளை இல்லை. அவன் வேலை, பாறைக்கு வெடி வைக்கும்முன் விசில் ஊதுவது. மூன்று விசில் ஊதினால் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு ஒதுங்குகொட்டகைக்கு வந்துவிட வேண்டும். வெடித்துத் தூசி அடங்கி, வெடிக்காத குழி ஏதும் இல்லை என்று போர்மேன் கை காட்டிய பிறகு ஒரு நீள விசில் ஊதுவான். அது கேட்காமல் ஒரு குஞ்சுகூட வெளியே கால் வைக்காது. அவன் விசில் மூன்று குவாரி தாண்டிக் கேட்கும். அவ்வளவு மூச்சு.

அந்த மூச்சை நம்பித்தான் குடியிருப்பே இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை மூச்சுச் சோதனைக்குச் சர்க்கார் வண்டி வரும். அதற்குள் ஒரு திரை. திரைக்குப் பின்னால் ஊதுகிற குழாய். ஊதித் தேறினவனுக்குத்தான் கம்பெனி வேலை கொடுக்கும். கல் பிடித்துப் பிடித்து ரேகை தேய்ந்த விரல்களை கைரேகை மிஷின் படிக்காது, அதனால் டோக்கன்தான். வண்டிக்காரர் தூசிக்குப் பயந்து தூர நின்று பேர் கூப்பிடுவார். வண்டியின் பின்கதவு வழியாக முன்னமே ஏறி, திரைக்குப் பின்னால் ஒரு பெட்டிமேல் அடைக்கலம் உட்கார்ந்திருப்பான். டோக்கனோடு வருகிறவர்கள் திரைக்குள் வந்து சும்மா நிற்பார்கள். இவன் ஊதுவான்.

முதலில் இருமல்காரர்களுக்கு மட்டும் ஊதினான். பிறகு எதற்கு வம்பு என்று எல்லாரும் வர ஆரம்பித்தார்கள், பொம்பளைகளும் சேர்த்து. ஊதி ஊதித் தலை சுற்றும். வெளியேயிருந்து அவித்த முட்டை, கருப்பட்டிக் காப்பி என்று வந்துகொண்டே இருக்கும். “அண்ணே, எனக்குக் கொஞ்சம் இழுத்து ஊதுண்ணே” என்பார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அவனைத் தேடி ஆள் வருவது. அடுத்த நாளே கடைசி வீடு கடைசி வீடாகிவிடும்.

முடிவு வந்த அடுத்த இரண்டு மூன்று நாள் குவாரியில் பேச்சே இல்லை. தனக்கு மட்டும்தான் சாவு வந்திருக்கிறது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு, அதை மற்றவர்களிடமிருந்து ஒளித்துக்கொண்டு கல் உடைத்தார்கள். வண்டியில் ஊதியது தான் இல்லை என்பது அந்தப் பயத்தில் யாருக்கும் உறைக்கவில்லை. புருஷன் பெண்டாட்டியிடம் சொல்லவில்லை. பெண்டாட்டி புருஷனிடம் சொல்லவில்லை. சேகர் தன் சைக்கிளை மருமகனிடம் கொடுத்துவிட்டு நடந்து வேலைக்கு வந்தார். கேட்டதற்கு முட்டிக்கு நல்லது என்றார்.

பிறகு பூத்து வாரியாகக் கணக்கு வெளியானது. சாமியாடிப்பாறைப் பூத்தில் இருநூறு பேர் சொச்சம் ஓட்டுப் போட்டிருந்தார்கள். எல்லாம் சேர்ந்து பதினோரு ஓட்டுக்கூடத் தேறவில்லை. இன்பராசு அதை வகுத்துப் பார்த்துவிட்டு, சங்கக் கொட்டகையில் எல்லாரையும் கூட்டித் தன் போனை முதலில் தூக்கிக் காட்டினான்.

“எனக்குப் புள்ளி பூஜ்யம் அஞ்சு. பொய் சொல்லிட்டேன். ஒங்களுக்கு?”

ஒவ்வொரு போனாக மேலே வந்தது. எல்லாவற்றிலும் அதே எண்.

“வண்டியில ஊதுனதெல்லாம் கணக்குல எடுக்கல. எடுத்திருந்தா அடைக்கலண்ணே ஊதுன ஊதுக்கு நம்ம எல்லாருக்கும் வயசுக்குத் தக்கன ஓட்டாவது வந்திருக்கணும். எடத்தப் பாத்துப் போட்டிருக்கான். இந்தத் தூசியில இருக்கறவன் மூணு வருசத்துக்கு மேல தாங்க மாட்டான்னு முடிவு பண்ணிட்டான்” என்றான்.

யாரும் அதை மறுக்கவில்லை. தூசியைத்தான் எல்லாரும் பார்க்கிறார்களே.

அதற்குப் பிறகு நடந்தது அடைக்கலம் எதிர்பாராதது. எல்லாருக்கும் ஒரே நாள் குறித்துவிட்டதால் ஜனம் ஒன்றாகிவிட்டது. வருஷக்கணக்கில் பேசாத பங்காளிகள் பேசினார்கள். சாயங்காலம் ஆனால் யார் வீட்டிலாவது பொதுவில் உலை வைத்தார்கள். கடைசி வீட்டு வாசலிலும் வந்து உட்கார்ந்தார்கள். “நீ மட்டும் என்னத்தடா தனியாப் பொங்கிக்கிட்டு” என்று சேகர் தட்டை நீட்டினார். அடைக்கலம் சாப்பிட்டான். மனைவி போன பிறகு அவ்வளவு சோறு அவன் தின்றதில்லை. சாவு வரட்டும், இப்படிக் கூட்டத்தோடு வந்தால் பரவாயில்லை என்றுகூட நினைத்தான்.

கிரஷரில் சல்லி அள்ளுகிற ஜெயசுதா மட்டும் வரவில்லை. அவள் மகள் தேன்மொழிக்கு மணப்பாறையில் மாப்பிள்ளை பேசி, வெற்றிலை பாக்கு மாற்றியிருந்தார்கள். தேன்மொழியும் அதே கிரஷரில் வேலை செய்கிறவள்தான். ஒரு நாள் காலையில் அடைக்கலம் டீ குடிக்கப் போனபோது கோகிலா கடையில் ஜெயசுதா நின்றிருந்தாள். கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

“மாப்ள வீட்டுல பொண்ணோட ஓட்டு எடையக் கேட்டாகண்ணே. இப்ப ஊர்ல அதான் பழக்கமாம். சாதகத்தோட அதையும் கொண்டாங்குறாக. காட்டுனேன்.”

“என்ன சொன்னாக?”

“என்ன சொல்லுவாக. மூணு வருசத்துக்கு ஒரு மருமகளான்னு கேட்டுட்டு வெத்தலையத் திருப்பிக் கொடுத்துட்டாக.” அவள் அழவில்லை. “அத விடுண்ணே. அந்தப் புள்ள சோறு திங்க மாட்டேங்குது. எதுக்குத் திங்கணும்னு கேக்குது. இருபத்திரெண்டு வயசு. நான் என்ன பதில் சொல்ல?”

டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனாள். கோகிலா அந்தக் கிளாசை எடுத்து ஊற்றிக் கழுவினாள். கழுவின கிளாசையே மறுபடி கழுவினாள்.

“அண்ணே, ஒண்ணு சொன்னா யாருகிட்டயும் சொல்லாத” என்றாள். “எனக்கு வெக்கமா இருக்கு.”

“என்னத்தா?”

“எனக்குப் புள்ளி அஞ்சு.”

“புள்ளி பூஜ்யம் அஞ்சு.”

“இல்லண்ணே. புள்ளி அஞ்சு. அர ஓட்டு. எனக்கு இன்னும் முப்பது வருசம் இருக்காம். நான் ஓட்டுப் போட்டது எங்க அண்ணன் ஊர்ல. அந்தப் பூத்துல யாரு பாக்கப்போறா? இங்க எல்லாரும் இப்புடிக் கெடக்கையில எனக்கு மட்டும்னு எப்புடிச் சொல்ல? நானும் இதே தூசியிலதான் பாலக் காச்சுறேன். வடையில கல்லு நரநரங்குதுன்னு நீங்களே வையிறீக.”

அடைக்கலம் பெஞ்சில் அவள் பக்கமாகத் திரும்பினான்.

“வண்டி வந்தப்ப யாரு ஊதுனா ஒனக்கு?”

“நான்தான் ஊதுனேன். கம்பெனி ஆளா நானு, வேல போயிருமேன்னு பயப்பட? சும்மா ஊதிப் பாப்பமேன்னு ஏறுனேன். நீ கூட பெட்டியில ஒக்காந்து முட்ட தின்னுக்கிட்டிருந்த. அந்த வண்டிக்காரரு சொன்னாரு, பலமா ஊதுறது கம்பெனிக் காயிதத்துக்குத்தானாம். சர்க்காருக்கு மூச்சுக்குள்ள என்ன இருக்குங்குறதுதான் வேணுமாம். மெதுவா ஊதுனாலும் மிஷினு மோந்து பாத்துருமாம்.”

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. கையிலிருந்த கிளாசைக் கீழே வைத்தாள்.

“அண்ணே...”

“டீ எம்புட்டு ஆச்சு?” என்றான்.

“போண்ணே, பேசாம.”

அவன் மலைக்கு ஏறினான். ஏற்றத்தில் இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. போன வருஷமும் நின்றான். வயதாகிறது என்று நினைத்தான். இருநூறு பேருக்கும் ஒரே எண் என்றால் இருநூறு நெஞ்சும் ஒரே மாதிரி கெட்டிருக்காது. ஒரே நெஞ்சைத்தான் இருநூறு தரம் பார்த்திருக்கிறார்கள்.

சொல்லாமல் இருந்தால் சாயங்காலம் சேகர் தட்டோடு வருவார். இருநூறு பேரும் வாசலில் உட்காருவார்கள். இருநூறு பேரோடு சேர்ந்து சாகலாம். சொல்லிவிட்டால் அவன் ஒருவன்தான். அதை அவன் மத்தியானம்வரை போட்டு உருட்டினான். நல்லவன் கெட்டவன் என்கிற யோசனை எல்லாம் இல்லை. அந்தச் சோற்றுத் தட்டுதான் கண்முன் நின்றது. அப்புறம், சோறு எதுக்குத் திங்கணும் என்று கேட்ட பெண்ணும் நின்றாள்.

மத்தியானம் மூன்று விசில் ஊதினான். எல்லாரும் ஒதுங்குகொட்டகைக்கு வந்தார்கள். தேன்மொழி ஒரு மூலையில் தலைத்துணியை அவிழ்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வெடித்தது. தரை ஒரு குலுக்குக் குலுக்கியது. தூசி எழும்பி வெயிலை மறைத்தது. தூரத்தில் போர்மேன் குழிகளைப் பார்க்கக் கிளம்பினார். நீள விசில் வரும்வரை யாரும் நகர முடியாது. அடைக்கலம் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலை மறித்து நின்றான்.

“எல்லாரும் கேளுங்க. ஒங்களுக்கு ஒண்ணும் இல்ல.”

யாருக்கும் விளங்கவில்லை.

“வண்டியில ஊதுனது நான். ஒங்க எல்லாத்துக்கும் நான்தான் ஊதுனேன். அது பலத்தப் பாக்குற மிஷின்னு நெனச்சோம். இல்ல. உள்ள இருக்கறதப் பாக்குற மிஷினு. அந்தப் புள்ளி பூஜ்யம் அஞ்சு என் மூச்சு. நெஞ்சு போனது எனக்கு. ஒங்க நெஞ்ச எவனும் இன்னும் பாக்கவே இல்ல.”

“சும்மா ஆறுதலுக்குச் சொல்றியாடா?” என்றார் சேகர்.

“கோகிலா தானா ஊதுனா. அவளுக்கு அர ஓட்டு. இதே தூசிதான். போயிக் கேளுங்க.”

இன்பராசு எழுந்து நின்றான். “அப்ப நம்ம தொகுதி...”

“அதுவும் என் மூச்சுலதான் போச்சு. இருநூறு பேரும் அவுகவுக மூச்ச ஊதியிருந்தா நம்மாளு செயிச்சிருப்பாரு. தெளிப்பானும் வந்திருக்கும்.”

இன்பராசு ஏதோ திட்ட வாயெடுத்தான்.

அதற்குள் சேகர் சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு வயிறு குலுங்க. “டேய், என் சைக்கிளக் கொடுத்துட்டேண்டா அந்தப் பயகிட்ட!” என்றார். கொட்டகையே சிரித்தது. ஒருவன் பக்கத்தில் இருந்தவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். ஒருத்தி நெஞ்சில் அடித்துக்கொண்டு கருப்பசாமியைக் கூப்பிட்டாள். ஜெயசுதா மகளின் தலைத்துணியைப் பிடித்து இழுத்து, முகத்தை வெளியே எடுத்து, “கேட்டியாடி? கேட்டியா?” என்று உலுக்கினாள்.

தேன்மொழி எழுந்தாள். அடைக்கலத்தின் பக்கவாட்டில் நுழைந்து வெளியே ஓடினாள். குடியிருப்புப் பக்கம், செருப்பைக்கூடப் போடாமல். அவள் பின்னால் ஜெயசுதா. ஜெயசுதா பின்னால் எல்லாரும். இத்தனை வருஷத்தில் நீள விசிலுக்கு முன்னால் அந்தக் கொட்டகையை விட்டு ஒரு ஆள் வெளியே போனதில்லை. தூரத்தில் போர்மேன் இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினார். யார் கேட்டது? யாரையும் குறை சொல்ல முடியாது. தூக்குக்கயிற்றை அவிழ்த்துவிட்டால் எவனும் முதலில் ஓடத்தான் செய்வான். அவிழ்த்தவனைத் திரும்பிப் பார்ப்பதெல்லாம் அப்புறம்.

கொட்டகையில் தூக்குவாளிகளும் தேன்மொழியின் செருப்பும் கிடந்தன. போர்மேன் குழிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் கை காட்டினார். அடைக்கலம் விசிலை வாயில் வைத்து நீளமாக ஊதினான். எப்போதும்போல மூன்று குவாரி தாண்டிக் கேட்டிருக்கும்.

சாயங்காலம் இன்பராசு சாக்கை விலக்கினான். சரவெடி கொஞ்சம் நமுத்திருந்தாலும் வெடித்தது. தேர்தலில் தோற்ற ஜனம் அப்படிக் கொண்டாடி எந்த ஊரிலும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ரோட்டில் போன ஒரு கார்க்காரர் வண்டியை நிறுத்தி, “உங்க கட்சியா ஜெயிச்சது?” என்று கேட்டார். “தோத்துட்டோம்ங்க!” என்று சேகர் அவருக்குக் கேசரி கொடுத்தார்.

கடைசி வீட்டு வாசலில் அன்றைக்கு ஆள் இல்லை. சோறு பொதுவில்தான் வெந்தது. கூப்பிடக்கூடாது என்று யாரும் நினைக்கவில்லை. அவன் கண்ணைப் பார்த்து எப்படிக் கூப்பிடுவது என்றுதான் தெரியவில்லை. அவனிடம் சிரிக்கவும் முடியாது, அழுதாலும் நன்றாக இருக்காது. அடைக்கலம் கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்து வெடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஜெயசுதா மட்டும் வந்தாள். தட்டில் கேசரி இருந்தது.

“மாப்ள வீட்டுக்குப் பேசிட்டோம்ணே. நாளைக்குப் புதுக்கோட்ட ஆசுபத்திரியில புள்ளைய ஊதச் சொல்லிக் காயிதம் கேட்டிருக்காக. கெடச்சா வெத்தல மாத்திக்கலாம்னுட்டாக. நானும் ஊதப்போறேன்.”

“நல்லா வரும். போயிட்டு வாங்க.”

அவள் போகாமல் நின்றாள். முந்தானையை விரலில் சுற்றினாள். எதையாவது கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்று தேடுகிறவள்போல இருந்தாள். சட்டென்று முகம் தெளிந்தது.

“அண்ணே, அடுத்த தடவ வண்டி வந்தா ஒனக்கு நான் ஊதுறேன். நீ ஊதுனதுக்குப் பதிலு. என் மூச்ச வெச்சு ஒனக்கு அர ஓட்டாவது வாங்கித் தந்துர்றேன். அடுத்த எலெக்சன்ல...”

அங்கே நின்றுவிட்டாள். ஐந்தும் மூன்றும் அவளுக்கும் தெரியும்.

வெளியே ஒரு சரம் நீளமாக வெடித்து ஓய்ந்தது.

“சரித்தா” என்றான் அடைக்கலம். “மறக்காம வந்துரு. நான் முட்ட அவிச்சுக் கொண்டாறேன்.”

அவள் தலையாட்டிவிட்டு வேகமாகப் போனாள். கடைசி வெடியும் அடங்கிப் புகை தெருவில் நின்றது. பழக்கத்தில் அவன் கை கழுத்தில் தொங்கிய விசிலைத் தேடிப்போயிற்று. பிடித்தான். எல்லாரும் ஏற்கெனவே வெளியில்தான் இருந்தார்கள். விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, தட்டை மடியில் வைத்துச் சாப்பிட ஆரம்பித்தான்.